அடுத்த கப்பலை நம்பாத அக்கா

வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்ணைப் பார்த்தால் ஊர் உலகமெல்லாம் "எத்தனை மாசம்?" என்றுதான் கேட்கும். அக்கா மட்டும் "எந்தக் கப்பலுக்கு வந்தே?" என்று கேட்பார். பதில் அவருக்குப் பிடித்தமாதிரி இருந்தால் "நல்ல புள்ள" என்று கன்னத்தைத் தொடுவார். "போன வாரமே ஒரு கப்பல் இருந்துச்சுக்கா, சாமான் கட்டி முடியலைன்னு விட்டுட்டோம்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. அந்தப் பெண்ணுக்கும் அவளைக் கூட்டி வந்த புருஷனுக்கும் அன்று முழுக்க அர்ச்சனைதான்.

"கடல் என்ன ஒங்க மாமனார் வீட்டு வாசலா, நெனச்ச நேரத்துக்கு எறங்கி வர்றதுக்கு? அடுத்த கப்பல நம்பாத புள்ள. அடுத்த கப்பல நம்புனவ..." என்று ஆரம்பித்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். மீதியைக் கேட்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் அவர் கீழ்வீடு, நான் மேல்வீடு. என் ஜன்னலைத் திறந்தால் கிரேனின் தலை தெரியும். கப்பல் ஊதினால் அடுக்களைப் பாத்திரம் அதிரும். அக்காவின் புருஷன் அந்த கிரேன்களில் ஒன்றை ஓட்டினார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது, ரேஷன் கார்டில். வாயால் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கச்சால் அக்கா என்றால் துறைமுக வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

கச்சால் தெற்கே நிக்கோபார் பக்கத்துத் தீவு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பிய நம் ஜனங்களைக் கொண்டுபோய் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். அக்காவின் அப்பா அம்மா அப்படிப் போனவர்கள். அக்கா பிறந்தது அங்கேதான். சிலோனையும் பார்த்ததில்லை, மெயின்லேண்டையும் பார்த்ததில்லை. "நான் தண்ணிக்கு நடுவுல மொளச்சவ" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அந்தத் தூரத்துத் தீவுகளில் ஒரு பழக்கம் உண்டு. பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது என்றால், வலி எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கப்பல் நினைத்தபோது வராது. காற்று அடித்தால் வராது, ரிப்பேர் என்றால் வராது. அதனால் முன்கூட்டியே கப்பலேறி போர்ட் பிளேர் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் யார் வீட்டிலாவது தங்கி நாளை எண்ண வேண்டும். கச்சால் பெண்கள் பலருக்கு அந்த உறவுக்காரர் எங்கள் அக்காதான். யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "எல்லாம் ஒரே லயத்துப் புள்ளைங்க" என்று முடித்துவிடுவார். லயம் என்பது தோட்டத்தில் அவர்கள் வாழ்ந்த வரிசை வீடு.

அவருடைய வீட்டு முன்னறையில், ஜன்னலோரம், ஒரு கட்டில். அதில் அக்காவும் படுக்கமாட்டார், அண்ணனையும் படுக்க விடமாட்டார். ஒரு பெண் வரப்போகிறாள் என்று போன் வந்தால் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவி, பழைய வேட்டித் துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, வெயில் அடித்தால் வெயிலில், அடிக்காவிட்டால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்து, மடித்து அடுக்கிவிடுவார். எங்கள் ஊரில் வெயிலை நம்பி எவளும் துணி துவைப்பதில்லை. கதவு ஆணியில் ஒரு பை தொங்கும். அதில் பிளாஸ்க், டார்ச், துணி, பிஸ்கட் எல்லாம் இருக்கும். ஆள் இல்லாத மாதங்களிலும் அந்தப் பை அங்கேயே தொங்கும்.

"ஆளே இல்லையே, இது எதுக்குக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளு வந்தப்புறம் தேடுனா அதுக்குப் பேரு ஏற்பாடா?"

என் மகளும் அந்தக் கட்டிலில் புரண்டவள்தான். எனக்கு இராமநாதபுரத்திலிருந்து அம்மா வருவதாக இருந்தது. வர முடியவில்லை. நான் மாடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா ஏறி வந்து, "அழுது முடிச்சிட்டியா? முடிச்சிட்டீன்னா எறங்கி வா, கட்டில் காலியாத்தான் கெடக்கு" என்றார். அவ்வளவுதான் அழைப்பு. நான் தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

பிள்ளையைப் பெற்றுக்கொண்டு ஒவ்வொருத்தியும் கப்பலேறிப் போய்விடுவாள். அக்கா கப்பல் அணையும் ஜெட்டிவரை போய்க் கையசைத்துவிட்டு வருவார். அழமாட்டார். வந்ததும் அந்த ஜன்னலோரத்தைத் திரும்பக் கழுவுவார். கழுவும் சத்தம் மட்டும் மேலே எனக்குக் கேட்கும். வாளி, துடைப்பம், தண்ணீர். எங்கள் குடியிருப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதை இப்படிக் கொட்டுகிறாரே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டால் இறங்கிப் போய் டீ போட்டுக் கொடுக்கப் பழகினேன்.

இனி பூனைக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பூனை ஆகாது. பக்கத்தில் வந்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும்.

அது துறைமுகத்துப் பூனை. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், ஒரு காது பாதி இல்லை. முதல் ஈற்றை அது எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் காய்ந்து கிடந்த சாக்கடையில் போட்டது. அன்று சாயங்காலம் மழை வந்தது. எங்கள் மழை தெரியுமே, வானத்தைத் திறந்துவிட்டமாதிரி. மறுநாள் அந்தப் பூனை ஒவ்வொரு வீட்டுக் கதவாக வந்து கத்தியது. நாங்கள் எல்லோரும் "சூ" என்று விரட்டினோம். அக்கா மட்டும் வெளியே போய்ச் சாக்கடையோரம் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

"பூனைதானேக்கா" என்றேன்.

"இவளுக்கும் எடம் இல்லாமதான புள்ள போச்சு" என்றார். அன்று அண்ணனுக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

அது மறுபடி வயிறு வைத்தபோது அக்கா முடிவு செய்துவிட்டார். அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. 'புள்ளத்தாச்சி' என்றே கூப்பிட்டார். "புள்ளத்தாச்சி சாப்பிட்டாளா?" "புள்ளத்தாச்சி தூங்குறா, டிவிய கொறைங்க." அண்ணனுக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. புரிந்ததும் கத்தினார்.

"ஒரு பில்லிக்கு இவ்ளோ அமர்க்களமா? ஊர்ல சிரிப்பாங்க."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. எதிர்வீட்டு வங்காளி மாஷி வாசலில் நின்று, "அரே தீதி, பில்லி கா பி கார்டு பன்வாயா க்யா?" என்று கேட்டாள். பூனைக்கும் ஆஸ்பத்திரி கார்டு போட்டாச்சா என்று கேலி. அக்கா சளைக்கவில்லை. "பன்வாயா, ஆப்கா நாம் லிக்வாயா, ஆப் ஹீ உஸ்கி சாஸ்" என்றார். உன் பெயரைத்தான் மாமியார் என்று எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். மாஷி அன்றிலிருந்து மீன் தலையைக் குப்பையில் போடாமல் அக்காவிடம் கொடுத்துவிடுவாள்.

ஜன்னலோரக் கட்டில் பூனைக்குச் சரிவராது, அது இருட்டைத் தேடும் என்று அக்காவே கண்டுபிடித்தார். அடுக்களை மூலையில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். ஒரு பக்கம் வாசல் வெட்டினார். தாய் தாண்டும், குட்டி தாண்டாது, அந்த அளவுக்கு உயரம் விட்டு வெட்ட மூன்று பெட்டிகளை வீணாக்கினார். சௌல்தாரி கிராமத்தில் காய்கறி போடுகிறவரிடம் சொல்லி வைக்கோல் வரவழைத்தார். அதில் பூச்சி இருந்தது என்று தூக்கிப் போட்டார். பிறகு அதே வேட்டித் துணி, அதே கொதிநீர், அதே கயிறு. மேலே தன்னுடைய பழைய ரவிக்கை ஒன்றைப் போட்டார்.

"அது எதுக்கு?"

"என் வாசன இருந்தா பயப்படாம படுப்பா."

உப்பு போடாமல் மத்தி மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைப்பார். வயிற்றைப் பிடித்து யாரும் தூக்கக் கூடாது. என் மகள் தூக்கிவிட்டாள் என்று அவளுக்கு ஒரு வாரம் மிட்டாய் கிடையாது. மடிக்காம்பு சிவந்திருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பார். பெட்டிக்குள் ஒருமுறையாவது படுக்கிறதா என்று பார்ப்பார். அது படுக்கவே இல்லை. எட்டிப் பார்க்கும், முகரும், திரும்பி நடந்து வந்து அக்காவின் காலடியில் படுக்கும்.

"எடம் புடிக்கல போல" என்று அக்கா பெட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றுவார். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த நாட்களில்தான் அக்கா இடது கையைத் தூக்கிக் கயிற்றில் துணி போடுவதில்லை என்பதைக் கவனித்தேன். வலது கையாலேயே எக்கி எக்கிப் போட்டார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார். நான் விடுகிற ஜென்மமா? கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அக்கா என் கையை எடுத்துத் தன் மார்புக்குப் பக்கத்தில் வைத்தார். விரலுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி.

"எப்பலேர்ந்து?"

"கடைசியா வந்து தங்குச்சே, அந்தப் புள்ளைக்கு ஏழாம் மாசம் நடக்கும்போது தட்டுப்பட்டுச்சு."

அந்தப் பெண் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை குப்புற விழுந்து தவழத் தொடங்கிவிட்டது என்று போனில் சொல்லியும் ஆகிவிட்டது. அதுவரை இவர் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் திட்டியதை எழுத முடியாது. "புள்ளத்தாச்சிய வீட்டுல வெச்சிக்கிட்டு நான் போயி ஆஸ்பத்திரியில படுத்தா, அவளுக்கு யாரு?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

அண்ணனிடம் நானே சொன்னேன். மறுநாளே ஆஸ்பத்திரி. பார்த்த டாக்டரம்மா, "மெயின்லேண்ட் போயிடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். விமானத்தில் போகலாம் என்றார் அண்ணன். அக்கா ஒரே பிடியாக, ஆகாசத்தில் தொங்கிக்கொண்டு வரமாட்டேன், கப்பல் என்றால் வருகிறேன் என்றார். எப்படியாவது வந்தால் போதும் என்று கிடைத்த முதல் கப்பலுக்கு அண்ணன் டிக்கெட் எடுத்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பூனைக்கோ வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க போங்கக்கா, நான் பாத்துக்குறேன்" என்றேன். தும்மிக்கொண்டேதான் சொன்னேன். பெட்டியையும் ரவிக்கையையும் மேலே என் வீட்டுக்குக் கொண்டுபோனோம். பூனையையும் அக்காவே ஏந்திக் கொண்டுவந்து விட்டார். அவர் படியிறங்கிக் கீழே போவதற்குள் பூனை அவருக்கு முன்னால் கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை. கடைசியில் கீழ்வீட்டுச் சாவியை என்னிடம் கொடுப்பது, நான் வந்து வந்து பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. ஆனால் நான் வேலைக்குப் போகிறவள். பகல் முழுக்க அந்த வீடு பூட்டிக் கிடக்கும். அதை நினைத்து அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தேன்.

அன்றுதான் அந்த மீதி வாக்கியம் வந்தது. பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்கிறமாதிரி சொன்னார்.

அண்ணனுக்கு அப்போது போர்ட் பிளேரில் வேலை கிடைத்துவிட்டது. அக்கா கச்சாலில் அம்மா வீட்டில், நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால். கப்பல் வந்தது. லயத்தில் மாரியம்மன் திருவிழா, காப்புக் கட்டியாகிவிட்டது, திருவிழா முடியட்டும், அடுத்த கப்பலில் போகலாம் என்றார் அம்மா. அக்காவுக்கும் கரகம் பார்க்க ஆசை, சரி என்றுவிட்டார். லயத்தில் பேறு பார்க்கும் ஆயா ஒருத்தி இருந்தாள். அவளுடைய சொந்த மகளுக்குப் பேறு என்று அவள் அந்தக் கப்பலில் ஏறிப் போய்விட்டாள். அடுத்த கப்பல் வரவில்லை. காற்று. வலி எடுத்தபோது அக்காவை நடத்திக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனார்கள், பதற்றத்தில் அவள் கப்பலேறிப் போனது மறந்து. கதவு பூட்டியிருந்தது.

"அந்தக் கதவுக்கு முன்னாலயே ஒக்காந்துட்டேன் புள்ள. பொட்டப் புள்ள. ஒரு சத்தம் போட்டுச்சு. ஒரே ஒரு சத்தம்."

அண்ணன் அந்த நாட்களெல்லாம் இங்கே ஜெட்டியில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"யார் மேலயும் தப்பில்லக்கா" என்றேன்.

"தப்புன்னு யாரு சொன்னா? பூட்டுன கதவுதான் எனக்கு ஆகாது."

கப்பல் புறப்படும் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறல். சூட்கேஸ் முன்னறையில் தரையில் திறந்து கிடந்தது. மேலாக ஒரு பச்சைப் பட்டுச்சேலை. மெயின்லேண்டில் இறங்கும்போது உடுத்துவதற்கு என்று அக்கா எடுத்து வைத்திருந்தார். முதன்முதலாகப் பார்க்கப்போகிற ஊரில் மரியாதையாக இறங்க வேண்டாமா? அண்ணன் ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நிறுத்தினார். அக்கா எனக்கு அடுக்களையில் மீன் டப்பாவைக் காட்டி, எது எப்போது என்று நூறாவது முறையாகச் சொல்லி முடித்து, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். சூட்கேஸை மூட நான் முன்னறைக்குப் போனேன்.

பூனை சூட்கேஸுக்குள் படுத்திருந்தது. பச்சைச் சேலைமேல். உடம்பு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. அத்தனை வேட்டித் துணி, அத்தனை கொதிநீர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அக்காவின் வாசனை நிறைய எங்கே இருந்ததோ அங்கே போய்ப் படுத்துவிட்டது.

"அக்கா!" என்று கத்தினேன்.

அண்ணன்தான் முதலில் வந்தார். "தூக்கி வெளிய போடு அத! இந்தா, வா, நேரமாகுது!"

அக்கா வாசலில் நின்றபடியே பார்த்தார். முதல் குட்டியின் தலை தெரிந்தது.

"நான் இருக்கேன்க்கா, நீங்க வேற பையில ரெண்டு சேலைய போட்டுக்கிட்டு கெளம்புங்க, கும்புட்டுக் கேக்குறேன்" என்றேன். நிஜமாகவே கும்பிட்டேன்.

"பொட்டியில புள்ள இருக்கு. எத எடுத்துக்கிட்டு நான் போவேன்?" என்றார் அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அண்ணன் கத்தினார், கெஞ்சினார், ஆட்டோக்காரரிடம் போய் நின்றார், திரும்ப வந்து கத்தினார். "அடுத்த கப்பல நம்பாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே, இப்ப என்னடி?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அக்கா நிமிரவில்லை. தரையில் உட்கார்ந்து, கதவு ஆணியிலிருந்த பையை என்னை எடுத்து வரச் சொன்னார். துணி, வெந்நீர். எத்தனையோ பெண்களுக்குப் போன பை.

நான்காவதாக வந்த குட்டி அசையவில்லை. தாய் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா அதைத் துணியில் எடுத்து, இரண்டு விரலால் முதுகைத் தேய்த்தார். வாயைத் துடைத்தார். ஊதினார். மறுபடி தேய்த்தார். இடது கை வலித்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார். "விடுங்கக்கா" என்றேன். கேட்கவில்லை. அப்போது கப்பல் ஊதியது. பாத்திரங்கள் அதிர்ந்தன. அந்தச் சத்தம் அடங்கும்போது துணிக்குள்ளிருந்து மெலிசாக ஒரு கீச்சுக் குரல் வந்தது. ஒரு தடவை, உடனே இன்னொரு தடவை, பிறகு விடாமல்.

"பாத்தியா, இவ வந்துட்டா" என்றார் அக்கா. ஜெட்டியில் ஒருமுறைகூட அழாத மனுஷி அன்று அழுதார். அண்ணன் வெளியே போய், ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கப்பல் வரவில்லை. வேறென்ன சொல்ல? எஞ்சின் ரிப்பேர் என்றார்கள். அதற்கடுத்ததற்குப் புயல் சின்னம் என்றார்கள். அண்ணன் கடைசியில் யாரையும் கேட்காமல் விமான டிக்கெட் எடுத்தார். அக்காவும் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை. சூட்கேஸ் பூனைக்குப் போய்விட்டது. பச்சைச் சேலையை அக்கா துவைத்துத் திரும்ப அதற்குள்ளேயே விரித்திருந்தார். என்னுடைய பையில் நாலு சேலையோடு கிளம்பினார். வாசலில் என் கையைப் பிடித்து, "அடுக்களை ஜன்னல சாத்தாத. வர்றவளுக்கு வழி இருக்கட்டும்" என்றார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போனில் பேசுவார். "பச்ச ஒடம்புக்காரிக்கு மீன் போட்டியா?" முதல் கேள்வி அதுதான். "கடைசிக்காரி பால் குடிக்கிறாளா?" இரண்டாவது. உங்களுக்கு எப்படி என்றால், "அதுக்கென்ன, ஓடுது." மெயின்லேண்ட் எப்படி இருக்கிறது என்றேன். "எந்தப் பக்கம் பாத்தாலும் தரையா இருக்கு புள்ள. மூச்சு முட்டுது" என்றார். நாளாக நாளாகக் குரல் மெலிந்தது. பிறகு அண்ணன் எடுத்து "தூங்குறா" என்பார். பிறகு ஒருநாள் காலையில் அண்ணனே கூப்பிட்டு, "போயிட்டா" என்றார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டாரு. அந்தப் பூனை... அந்தப் பூனை..." என்றவர் போனை வைத்துவிட்டார்.

கீழே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த சூட்கேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தும்மல் எது அழுகை எது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. பூனை தின்றது ஒரு கப்பலை மட்டும்தான். அதற்கு முன்னால் எத்தனை கப்பல் போயிற்று! கடைசியாக வந்த பெண் அந்த ஜன்னலோரத்தில் படுத்திருந்தாள், அவளுக்காகச் சில போயின, வாயைத் திறக்காமலே இன்னும் சில போயின. ஊரிலுள்ள எல்லோரையும் முந்தின கப்பலில் ஏற்றிவிட்டு, தன்னை மட்டும் அடுத்த கப்பலுக்கு என்று ஒதுக்கி வைத்தார் அந்த மனுஷி. எனக்கு இன்னும் அவர்மேல் கோபம்தான். கோபத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

தாய்ப்பூனை குட்டிகள் வளர்ந்ததும் துறைமுகத்துக்கே போய்விட்டது. ஒரு குட்டியை மாஷி எடுத்துக்கொண்டாள். ஒன்று ஹேவ்லாக் தீவு ரிசார்ட் சமையல்காரர் ஒருவருடன் படகேறியது. இன்னொன்று எங்கோ போனது. அந்தக் கடைசிக்காரி மட்டும் போகவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாக வரும், சூட்கேஸில் தூங்கும், நான் வேலை முடிந்து வந்து மீன் வைத்தால் தின்னும். அதற்கும் வயிறு வந்தது.

வீட்டை ஒப்படைக்க அண்ணன் திரும்பி வந்தபோது அது நிறைமாதம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இனி மெயின்லேண்டில் ஊரோடு இருக்கப்போகிறேன், இங்கே என்ன இருக்கிறது என்றார். சாமான்களை வந்த விலைக்குத் தள்ளினார். ஜன்னலோரக் கட்டிலை ஆள் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது வெளியே போய் நின்றுகொண்டார். பூனையை அவர் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. அன்று மத்தியானம் கப்பல். ஆட்டோ வாசலில் நின்றது. ஒரு சின்னப் பையைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியை என்னிடம் நீட்டியவர், ஏதோ நினைத்துக்கொண்டமாதிரி நின்றார்.

"அவ சேலை ஒண்ணு இருந்துச்சே. பச்ச. கொண்டுபோன நாலும் ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சு, இங்க இருந்ததையும் குடுத்தாச்சு, எங்கிட்ட அவ துணின்னு ஒண்ணுகூட இல்ல."

நான் உள்ளே கை காட்டினேன். காலி அறையில், கட்டில் இருந்த இடத்தில், சூட்கேஸ். கடைசிக்காரி அந்தப் பச்சைச் சேலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். மூச்சு வேகமாக ஓடியது. வயிறு ஒருமுறை இறுகியது.

"எறக்கி விட்டுட்டு எடுத்துத் தர்றேன்ண்ணே. என் வீட்டுல பெட்டி போட்டு வெச்சிருக்கேன், நான் பாத்துக்குறேன், நீங்க கப்பலுக்குக் கெளம்புங்க" என்று உள்ளே போனேன்.

"வேணாம். அத எழுப்பாத" என்றார்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "சாச்சா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார். அண்ணன் வாசலிலிருந்து சூட்கேஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள் பையை இறக்கிச் சுவரோரம் வைத்தார்.

"வெந்நி இருக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வந்தார்.